பாலை நகரத்துக்கு ஒரு குறும்பயணம்: துபாயா, ஜெய்சல்மேரா, ஜோத்பூரா?

விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு எழும்போது, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் அருவிக்கும் மலைக்கும் கடலுக்கும் பெரிய ஈர்ப்பு இருப்பதில்லை. குற்றாலமும் மணிமுத்தாறும் திருச்செந்தூரும் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடும் தொலைவில் இருக்கின்றன. நம் பிள்ளைகள் உண்மையில் காணாதது பாலைவனம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகளில் செம்மணல் மேட்டை ஏறி இறங்கிய பிள்ளைகளுக்குக்கூட, கண்ணுக்கெட்டிய தூரம் மணலாய்க் கிடக்க, அதன் ஓரத்தில் சந்தையும் பாட்டும் விளக்கொளியுமாக ஒரு நகரம் இரவு வெகுநேரம் விழித்திருப்பது புதிய அனுபவமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட நகரங்களுள் நம்மவர்கள் மிகுதியாக விசாரிப்பவை துபாயும் ராஜஸ்தானின் ஜெய்சல்மேரும். இவற்றோடு அதே ராஜஸ்தானின் ஜோத்பூரையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர், எழுபதை ஒட்டிய வயதில் ஆச்சி என்று ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தையும், போக வர உட்பட ஆறு நாளையும் கணக்கில் கொண்டு இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பாஸ்போர்ட் கையில் இருந்து, ஆச்சியும் உடன் வருவதாக இருந்தால் துபாய் ஏற்றது. வெளிநாடு வேண்டாம் என்றாலோ பாஸ்போர்ட் இல்லை என்றாலோ ஜோத்பூரைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றிலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஜெய்சல்மேர்தான் என்றாலும், எட்டு நாளாவது கிடைக்காதவர்கள் நம் ஊரிலிருந்து அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்க்கத் தகுந்ததில் அந்த ஊருக்கு எந்தக் குறையும் இல்லை. ஆறு நாளில் ஏறக்குறைய பாதி வழியிலேயே கழிந்துவிடும் என்பதுதான் காரணம்.

எந்த நகரமானாலும் பருவத்தை முதலில் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறைகளில் நீளமானது கோடை விடுமுறை. ஆனால் மே மாதத்தில் துபாயிலும் ஜெய்சல்மேரிலும் பகல் வெப்பம் 40 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். அக்னி நட்சத்திரத்துக்குப் பழகிய உடம்புதானே என்று துணிந்து ஆச்சியை அழைத்துச் செல்வது சரியாகாது. காலாண்டு விடுமுறையின்போதும் இரண்டு இடங்களிலும் சூடு முழுமையாகத் தணிந்திருக்காது. எஞ்சுவன அரையாண்டு விடுமுறையும் பொங்கலும்தான். துபாயின் குளோபல் வில்லேஜ், மிராக்கிள் கார்டன் போன்ற திறந்தவெளி இடங்கள் குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில்தான் இயங்குகின்றன என்பதால், அந்த வகையிலும் இந்தக் காலமே பொருந்துகிறது. ஆயினும் டிசம்பர் கடைசி வாரத்தில் எல்லா ஊர்களிலும் கூட்டமும் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். துபாயில் புத்தாண்டு இரவை ஒட்டிய நாட்களில் புர்ஜ் கலீபாவைச் சுற்றிய பகுதியைக் குடும்பத்தோடு நெருங்கவே முடியாது. பொங்கலோடு இரண்டு நாள் விடுப்பு சேர்த்துப் போகக்கூடியவர்கள் ஜனவரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

டிசம்பரில் போகிறவர்கள் நம் ஊர் மழையையும் மறந்துவிடக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை புரண்டு, நெல்லையும் தூத்துக்குடியும் துண்டிக்கப்பட்டு, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. விமானம் இரவில்தானே என்று அன்று மதியம் வீட்டை விட்டுக் கிளம்புவதைவிட, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முதல் நாளே விமான நிலையம் உள்ள ஊரில் போய்த் தங்கிவிடுவது மேல்.

இனி, வழி. வரைபடத்தில் பார்த்தால் ஜெய்சல்மேர்தான் நமக்குப் பக்கம், துபாய்தான் தொலைவு. பயண நேரமோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்குக் காரில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து துபாய்க்கும் பக்கத்திலுள்ள ஷார்ஜாவுக்கும் நேரடி விமானத்தில் இன்னொரு நான்கு மணி நேரம். துபாய் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், போகும்போது அந்த அளவு நேரம் கையில் மிஞ்சுகிறது. இரவில் வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் மறுநாள் பகலுணவுக்குள் அறைக்குப் போய்விட முடிகிறது. மாறாக, ஜெய்சல்மேருக்குத் தென்தமிழ்நாட்டிலிருந்து நேரடி விமானம் கிடையாது. நேரடி ரயிலும் இல்லை. தூத்துக்குடியிலோ மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ விமானம் ஏறி, சென்னையிலோ மும்பையிலோ டெல்லியிலோ மாறி, ஜோத்பூர் போய் இறங்கி, அங்கிருந்து ரயிலிலோ காரிலோ இன்னும் ஐந்தாறு மணி நேரம் செல்ல வேண்டும். ஜெய்சல்மேரிலும் விமான நிலையம் உண்டு; ஆனால் அங்கு வந்துபோகும் சேவை பெரும்பாலும் குளிர்காலத்தை நம்பியது, ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. முழுவதும் ரயிலிலேயே போவதென்றால், நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை சேர்ந்து, அங்கிருந்து ஜோத்பூர் ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாள் பயணம் செய்ய வேண்டும். ரயில் பயணத்தையே இன்பமாகக் கொள்ளும் குடும்பத்துக்கு அது பொருந்தும். ஆறு நாள் பயணத்துக்குப் பொருந்தாது.

துபாய்க்கு வழி எளிது. ஆனால் ஆயத்தம் கூடுதல். ஐந்து பேருக்கும், கைக்குழந்தை இருந்தால் அதற்கும், தனித்தனியே பாஸ்போர்ட் வேண்டும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்கே கொடுக்கப்படுகிறது என்பதால், பெரியவர்களுடையது சரியாக இருந்து பிள்ளையுடையது காலாவதியாகி இருப்பது பல வீடுகளில் நடப்பதுண்டு. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் புதுப்பிப்பதற்கு மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. அது முடிந்த பிறகு, விமான நிறுவனம் வழியாகவோ நம்பகமான பயண முகவர் வழியாகவோ சுற்றுலா விசா எடுக்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது ஆச்சியின் அருகில் ஒருவர் உட்கார்ந்திருப்பது மிகவும் அவசியம். நம் வீட்டுச் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். தனியாகக் கொண்டு போனாலும் மசாலாப் பொடியில் கலந்து கொண்டு போனாலும் சிக்கல் வரும். வீட்டில் திரித்த பொடியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சுங்க அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே, கறிமசாலாவை முழுவதுமாக வீட்டில் வைத்துவிட்டுப் போவதே பாதுகாப்பு. ஆச்சி வெற்றிலை போடும் பழக்கமுடையவர் என்றால் அதையும் சுருக்குப்பையோடு வீட்டில் விட்டுவிடத்தான் வேண்டும். வெற்றிலையும் அங்கே கொண்டு செல்லக்கூடாத பொருள்களுள் ஒன்று. இதை விமான நிலையத்தில் சொல்லி அவரை வருத்தாமல், விசா எடுக்கும்போதே பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது. மருந்துகளைப் பொறுத்தவரை, கோடீன், டிராமடால் போன்றவை சேர்ந்த வலி, இருமல் மருந்துகளுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. வழக்கமான சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர் சீட்டோடு, உறை பிரிக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தங்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துபாயின் பழைய பகுதியான தேராவின் தங்கச் சந்தையைப் பார்த்ததும், பெண் பிள்ளைக்கு ஒரு வளையலாவது எடுத்துவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் நகைக்கான சுங்கச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்து திரும்பும் இந்தியர்களுக்கானது. ஐந்து நாள் சுற்றுலா போனவர்களுக்கு அது இல்லை. புதிதாக வாங்கும் நகைக்குத் தீர்வை செலுத்த வேண்டியிருக்கும். போகும்போது போட்டிருக்கும் நகைகளுக்கும் ரசீதோ படமோ வைத்திருந்தால் திரும்பும்போது வாக்குவாதம் இராது. நகையைக் குறைத்துக்கொண்டு போவது அதைவிட நல்லது.

நகரத்துக்குள் போய்விட்டால் துபாய் குடும்பங்களுக்கு மிகவும் இணக்கமான ஊர். 2009இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. நிலையங்களில் மின்தூக்கி உண்டு. கடைவீதியில் தமிழும் மலையாளமும் இந்தியும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கராமா, பர் துபாய் பகுதிகளில் தங்கினால் இட்லியும் சோறும் சாம்பாரும் நடந்து போய்ச் சாப்பிடும் தூரத்தில் கிடைக்கும். மூன்று வேளையும் சோறு தேடும் ஒருவரை உடன் அழைத்துச் செல்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

பலரும் நினைப்பது போலத் துபாய் என்பது கட்டடங்கள் மட்டும் அன்று. துபாய் க்ரீக் எனப்படும் கழிமுகத்தின் கரையில் உள்ள அல் பஹிதி பழைய குடியிருப்பை முதல் நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுமாறு நான் வற்புறுத்துவேன். மின்சாரம் வராத காலத்தில் அந்த வெயிலில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அங்குள்ள காற்றுக் கோபுரங்கள் சான்று. வீட்டுக் கூரைக்கு மேல் நான்கு பக்கமும் திறந்த ஒரு சதுரக் கோபுரம். உள்ளே குறுக்குச் சுவர்கள். எந்தத் திசையிலிருந்து காற்று வீசினாலும் அதைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கி, அறையின் வெப்பக் காற்றை மறுபக்கம் வழியாக மேலே வெளியேற்றும் அமைப்பு அது. பள்ளிப் பிள்ளைகளை அதன் அடியில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் செய்தால், பாடப் புத்தகத்தில் படித்த வெப்பச் சலனம் உடனே புரிந்துவிடும். அங்கிருந்து நடந்து படித்துறைக்கு வந்து, அப்ரா எனப்படும் மரப்படகில் ஆளுக்கு ஒரு திர்ஹம் கொடுத்து எதிர்க்கரை போனால், மசாலாச் சந்தையும் தங்கச் சந்தையும் வரும். ஏலக்காயும் காய்ந்த எலுமிச்சையும் குங்குமப்பூவும் மூட்டை மூட்டையாகத் திறந்து வைத்திருக்கும் அந்தச் சந்தில் ஆச்சிக்குப் பொழுது போவதே தெரியாது.

828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீபா 2010 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்டது. அதன் 124, 125 ஆம் தளங்களுக்கு ஒரு கட்டணமும், 148 ஆம் தளத்துக்கு அதைவிட மிகக் கூடுதலான கட்டணமும் உண்டு. சூரியன் மறையும் நேரத்துச் சீட்டுக்கு விலை இன்னும் கூடும். ஐந்து பேருக்கு இந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். கட்டடத்தை அடியிலிருந்து பார்க்கவும், இரவு நீரூற்று ஆட்டத்தைக் கரையில் நின்று பார்க்கவும் பணம் வேண்டாம். உயரத்திலிருந்து பார்ப்பதற்கு, படச்சட்டம் போல நிற்கும் 150 மீட்டர் உயரமுள்ள துபாய் பிரேமே குடும்பத்துக்குப் போதும். ஒரு பக்கம் பழைய தேராவும் மறுபக்கம் புதிய கோபுரங்களும் ஒரே இடத்திலிருந்து தெரிகின்றன, கட்டணமும் குறைவு. புர்ஜ் கலீபாவை ஒட்டிய துபாய் மாலுக்கு மெட்ரோவில் போகிறவர்கள், நிலையத்திலிருந்து மாலுக்குப் போகும் மூடிய நடைபாலமே 800 மீட்டருக்கு மேல் நீளும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இடையிடையே நகரும் நடைபாதை இருந்தாலும், முழங்கால் வலி உள்ளவருக்கு அன்று டாக்சிதான் சரி.

ஒரு நாளை அபுதாபிக்கு ஒதுக்குவது நன்று. 82 குவிமாடங்களுடன் விளங்கும் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. முன்பதிவு செய்துகொண்டு, பெண்கள் தலையையும் கைகால்களையும் முழுக்க மறைக்கும் உடையில் போக வேண்டும். 2024 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்ட சுவாமிநாராயண் கோயிலும் அந்தப் பக்கமே இருக்கிறது. ராஜஸ்தானின் இளஞ்சிவப்பு மணற்கல்லைக் கொண்டு போய் அங்கே கட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். அதோடு அங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.

துபாயில் குறைவாகக் கிடைப்பது பாலைவனம்தான். மாலை மூன்று மணிக்கு வண்டியில் ஏற்றி, மணல்மேடுகளில் குலுக்கி எடுத்து, ஒட்டகத்தில் இரண்டு சுற்று விட்டு, கூடாரத்தில் உணவும் ஆட்டமும் தந்து, ஒன்பது மணிக்குத் திரும்பக் கொண்டு வந்து விடும் ஏற்பாட்டில், பாலை என்பது ஒரு மாலைப் பொழுதின் கேளிக்கையாகச் சுருங்கிவிடுகிறது. மணல்மேட்டில் வண்டி ஓட்டுவது முதுகுவலி, இதய நோய் உள்ளவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஆகாது. அந்தக் குலுக்கல் இல்லாமல் நேரே கூடாரத்துக்கு அழைத்துப் போகுமாறு முன்பதிவின்போதே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தவர்கள், 225 சதுர கிலோமீட்டர் பரப்பில் வேலியிட்டுக் காக்கப்படும் துபாய் பாலைவனக் காப்பகத்துக்குள் அழைத்துச் செல்லும் பயணத்தைத் தேர்ந்தெடுத்தால், அரேபிய ஓரிக்ஸ் மான்களைப் பார்க்கலாம், அமைதியும் இருக்கும்.

இன்னொன்றையும் மனம் திறந்து எழுத வேண்டும். மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் என்று நம் சீமையின் பல ஊர்களிலிருந்து அங்கே வேலைக்குப் போயிருப்பவர்கள் ஏராளம். உறவினர் ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. அவர்கள் வீட்டில் தங்கிக்கொண்டால் செலவு மிச்சம் என்று திட்டமிடுவதை நான் ஏற்க மாட்டேன். பெரும்பாலோர் ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொண்டு, வாடகைக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்குமாக எண்ணி எண்ணி வாழ்கிறவர்கள். வாருங்கள் என்று அவர்கள் அழைப்பது அன்பினால். அந்த அன்பைச் சுமையாக்கக் கூடாது. ஒரு வேளை உணவுக்கு அவர்களை நம்மோடு அழைத்து உட்கார வைத்து, வீட்டிலிருந்து கொண்டு போன அல்வாவைக் கையில் கொடுத்துவிட்டு வருவதுதான் முறை.

ஜெய்சல்மேர் முற்றிலும் வேறு வகையான ஊர். ராவல் ஜெய்சல் 1156இல் எழுப்பிய மஞ்சள் மணற்கல் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கோயில் மணி, பால்காரர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் என்று கோட்டைக்குள் ஒரு முழு ஊரே நடக்கிறது. 2013இல் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறினை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது இதுவும் அவற்றுள் ஒன்றாயிற்று. பகலில் வெளிறிய மஞ்சளாக இருக்கும் சுவர், பொழுது சாயும்போது பொன்னிறம் கொள்கிறது. கோட்டைக்கு வெளியே பட்வா வணிகர் குடும்பத்தின் ஹவேலிகள் எனப்படும் ஐந்து மாளிகைகளில், கல்லைச் சல்லடையாகத் துளைத்துச் செய்த சாளரங்களைக் கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். கல்லில் வேலை செய்வோரின் கைத்திறனை நெல்லையப்பர் கோயிலிலும் கிருஷ்ணாபுரத்திலும் பார்த்து வளர்ந்தவர்கள், அந்தச் சாளரங்களின் முன்னால் நிச்சயம் நெடுநேரம் நிற்பார்கள்.

அங்கே போகிறவர்கள் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பொறுப்பு இருக்கிறது. அந்தக் கோட்டை நிற்கும் குன்று உறுதியான பாறையால் ஆனதன்று. களிமண் அடுக்குகள் கலந்த, தண்ணீர் பட்டால் இளகக்கூடிய குன்று. குடங்களில் நீர் சுமந்து, சொட்டுச் சொட்டாகச் செலவழித்த காலத்துக்காகக் கட்டப்பட்ட ஊர் அது. பின்னாளில் குழாய்த் தண்ணீரும், சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதிகளும், அவற்றின் குளியலறைகளும் பெருகியபோது கழிவுநீர் அடித்தளத்துக்குள் கசிந்து, சுவர்களும் கொத்தளங்களும் பெயர்ந்து விழத் தொடங்கின. கோட்டைக்குள் தங்குவது அழகான அனுபவம் என்று விளம்பரங்கள் அழைத்தாலும், கோட்டையைக் கண்ணால் கண்டு களித்துவிட்டு வெளியே ஊருக்குள் அறை எடுப்பதே நியாயம் என்று கருதுகிறேன். ஆச்சிக்கும் அதுவே வசதி. கோட்டைக்குள் ஏறும் கல்பாவிய பாதை செங்குத்தானது, வழுக்கும்.

மணலைப் பொறுத்தவரை, துபாய் தர முடியாததை ஜெய்சல்மேர் தருகிறது. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சம் மணல்மேடுகளில் கூடார விடுதிகள் நெருக்கமாக நிற்கின்றன. பருவ காலத்தில் ஒலிபெருக்கிகளின் சத்தமும் மிகுதி. தென்மேற்கே உள்ள குரி கிராமத்தின் பக்கம் சத்தம் குறைவு. எங்கே தங்கினாலும், மாங்கணியார் பாடகர்கள் பாடும் ஒரு மாலையைத் தவறவிடக்கூடாது. பரம்பரை பரம்பரையாக இந்துப் புரவலர் குடும்பங்களின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடிவரும் இஸ்லாமிய இசைக் குடும்பங்கள் அவர்கள். ஒரு கையில் இரண்டு மரத்துண்டுகளைக் கோத்துப் பிடித்து, விரல்களை மட்டும் அசைத்து அவர்கள் எழுப்பும் கர்தால் தாளத்தைப் பார்த்தால், நம் பஜனைகளில் ஒலிக்கும் சப்ளாக்கட்டை நினைவுக்கு வராமல் போகாது. ஆனால் அதன் வேகம் கண்ணால் தொடர முடியாதது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இந்த ஒரு மாலையே பயணத்தின் பயனாகிவிடும்.

குளிரைப் பற்றி எச்சரிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஜெய்சல்மேரின் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். திறந்தவெளிக் கூடாரத்தில் அது இன்னும் கடுமையாகத் தெரியும். ஸ்வெட்டரே வாங்கியிராத நம் ஊர் வீடுகளிலிருந்து போகிறவர்கள் ஐந்து பேருக்கும் கம்பளி ஆடை, காலுறை, குல்லாய் என்று வாங்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துபாயில் அதே காலத்தில் இரவுக்கு ஒரு மெல்லிய மேலாடை போதும். இரவில் மூச்சுத் தொந்தரவு உள்ள முதியவரைப் பாலைக் கூடாரத்துக்கு அழைத்துப் போவதை நான் ஏற்பதில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் அங்கிருந்து ஜோத்பூர்தான்.

ஜோத்பூரை நான் சேர்த்ததற்குக் காரணங்களுள் இதுவும் ஒன்று. எய்ம்ஸ் உள்ள பெரிய ஊர். விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. ஒரே இடத்தில் விமானம் மாறினால் நம் பக்கத்திலிருந்து ஒரு பகலில் போய்ச் சேர்ந்துவிடலாம். ராவ் ஜோதா 1459இல் தொடங்கிய மெஹ்ரான்கர் கோட்டை நகரத்துக்கு மேலே பாறையோடு பாறையாக எழுந்து நிற்கிறது. அதன் உச்சிக்குச் செல்ல மின்தூக்கி இருப்பதால் ஆச்சியும் மேலே வந்து நீல வீடுகள் பரந்து கிடக்கும் ஊரைப் பார்க்கலாம். கீழே மணிக்கூண்டைச் சுற்றிய சந்தையில் இரவு வெகுநேரம் வரை கூட்டம் இருக்கும். மிளகாய் வடையும் வெங்காயக் கச்சோரியும் கெட்டி லஸ்ஸியும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சோறுதான் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். நல்ல அரிசிச் சோறும் தயிரும் கிடைக்கும் விடுதியா என்று கேட்டுக்கொண்டு அறை எடுப்பது நலம்.

கோட்டையின் அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது. சீமைக் கருவேலம் மூடிக் கிடந்த பாறை நிலத்தில் அதை வேரோடு அகற்றி, மண்ணின் சொந்தச் செடிகளை மறுபடி நட்டு வளர்த்த இடம். நம் கண்மாய்களையும் வயல்களையும் அதே சீமைக் கருவேலம் விழுங்கியிருப்பதைத் தினமும் பார்க்கும் நாம், அதை வென்ற ஓர் ஊரைக் கட்டாயம் நேரில் பார்க்க வேண்டும். ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜர்லி கிராமத்தில் 1730இல் அரண்மனைக்காக மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து, மரங்களைக் கட்டிப்பிடித்து நின்று, அம்ரிதா தேவி முதலாக பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் உயிர் விட்டார்கள். அவர்கள் காத்த அந்த மரம் நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரமேதான். அமீரகத்தின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டிருக்கும் காஃப் மரமும் அதுவே. நவராத்திரி முடிவில் வன்னி மரத்தில் அம்பு போடுவதைக் கண்டு வளர்ந்த ஆச்சி, இதைப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகச் சொல்லுவார்.

ஜோத்பூரில் மணல் இல்லையே என்பவர்களுக்கு, 65 கிலோமீட்டர் அளவில் ஓசியான் இருக்கிறது. மணல்மேடுகளும், எட்டாம் நூற்றாண்டிலிருந்து எழுந்த பழங்கோயில்களும் ஒரே ஊரில் உள்ளன. சம் அளவுக்குப் பரப்பு இல்லை என்பது உண்மை. பகலில் போய் இருட்டியதும் நகரத்துக்குத் திரும்பிவிடலாம் என்பது முதியவர் உள்ள குடும்பத்துக்குப் பெரிய அனுகூலம்.

செலவில் துபாய்தான் கூடுதல். ஆனால் பலர் எண்ணுவது போல அது விமானக் கட்டணத்தால் வருவது அன்று. இரண்டு விமானம் மாறி ராஜஸ்தான் போகும் டிசம்பர் மாதக் கட்டணம், திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போகும் கட்டணத்தை நெருங்கிவிடும் வேளைகள் உண்டு. வேறுபாடு வருவது விசாவிலும், அறை வாடகையிலும், அதன்மேல் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை வாங்கப்படும் சுற்றுலாக் கட்டணத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைக்குத் தலை வாங்கும் நுழைவுச் சீட்டுகளிலும்தான். திர்ஹம் டாலரோடு கட்டப்பட்ட நாணயம் என்பதால், டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கும் அளவுக்கு நம் செலவும் ஏறும். ஆறு மாதத்துக்கு முன் போட்ட கணக்கை அப்படியே நம்பக்கூடாது. ராஜஸ்தானில் ஓட்டுநரோடு கார் அமர்த்திக்கொள்வது பெரிய செலவு. அது போக மற்றவை நம் ஊர் அளவிலேயே இருக்கும்.

சூழ்நிலை மாறினால் பணம் திரும்பும் வகையில் சீட்டு எடுப்பது மூன்று ஊர்களுக்கும் பொருந்தும். 2025 மே மாதம் எல்லைப் பதற்றத்தில் ஜோத்பூர், ஜெய்சல்மேர் விமான நிலையங்கள் சில நாட்கள் மூடப்பட்டன. அடுத்த மாதமே வளைகுடா நாடுகள் சிலவற்றின் வான்வழியும் சில மணி நேரம் தடைபட்டது. அச்சப்பட்டு வீட்டில் இருக்க வேண்டியதில்லை. கூடுதலாகச் சற்றுப் பணம் கொடுத்து மாற்றத்தக்க சீட்டும், முதியவருக்கு மருத்துவக் காப்பீடும் எடுத்துக்கொண்டால் போதும்.

துபாயை முடிவு செய்கிறவர்கள் முதலில் ஐந்து பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியையும் பார்த்துவிட்டு, பிறகு அறையும் சீட்டும் பார்க்கலாம். ஊரில் கழியும் நான்கு நாளில் கழிமுகக் கரைக்கு ஒன்று, புதிய நகரத்துக்கு ஒன்று, அபுதாபிக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று என்று வைத்து, அதற்கு மேல் எதையும் திணிக்காமல் இருப்பது நல்லது. ஜோத்பூர் போகிறவர்கள் கோட்டையும் பூங்காவும் ஒரு நாள், ஊரும் சந்தையும் ஒரு நாள், கேஜர்லியும் பிஷ்னோய் கிராமங்களும் ஒரு நாள், ஓசியான் ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். எட்டு நாள் கிடைத்து ஜெய்சல்மேரையும் சேர்க்கிறவர்கள், ஜோத்பூரில் இறங்கி நேரே ஜெய்சல்மேர் போய் மூன்று இரவு தங்கிவிட்டு, கடைசி இரண்டு இரவை ஜோத்பூரில் வைத்துக்கொள்ள வேண்டும்; அப்போதுதான் திரும்பும் நாளில் விமானத்தைப் பிடிக்க நள்ளிரவில் முந்நூறு கிலோமீட்டர் ஓட வேண்டியிராது. டிசம்பர் பின்பாதியிலும் ஜனவரியிலும் டெல்லியில் மூடுபனியால் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாவது வழக்கம் என்பதால், இணைப்பு விமானத்தை மும்பை வழியாக எடுத்து, இரண்டு விமானங்களையும் ஒரே பதிவில் வாங்கிக்கொள்வது நல்லது.